கடைசிப் பத்தடிக் குழாய்க்கு யார் காசு போடுவது?

போன தை மாதம் செட்டிநாட்டில் எங்கள் ஐயா வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுகிற நாள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, அன்றைக்கு மட்டும் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பங்காளிகள் குடும்பத்தோடு வந்து இறங்க, நூற்றைம்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டோம். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கொல்லைப் பக்கம் செப்டிக் டேங்க் மூடியின் ஓரமாகக் கறுப்பாகத் தண்ணீர் பொங்க ஆரம்பித்தது. கழிவுநீர் லாரிக்காரருக்குப் போன் போட்டால் "சாயங்காலம் வர்றேன்" என்கிறார். அதுவரை அது காத்திருக்குமா? கொல்லைக் கதவு வழியாகப் போய்த் தெரு வாய்க்காலில் விழுந்தது. அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊருணிக்குத்தான்.

அன்று ராத்திரி முகப்பில் உட்கார்ந்து பேசும்போது, காரைக்குடியில் பாதாளச் சாக்கடை வேலை நடந்த மாதிரி நமக்கும் ஒருநாள் வரும், அப்போது வீட்டு இணைப்புக்கு அரசாங்கமே காசு கொடுத்தால்தான் உருப்படும் என்று நான் சொல்லப்போக, பெரியண்ணன் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக் கழிவை வெளியேத்த ஊர்க்காரன் ஏன்டா தம்பி காசு குடுக்கணும்?" நியாயமான கேள்வி. அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி, அடியிலிருந்து.

முதலில் செப்டிக் டேங்க். நிறைய பேர் அது கழிவைச் சுத்தம் செய்கிற தொட்டி என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. கழிவறையிலிருந்து வருவது அதில் ஒன்றிரண்டு நாள் தங்குகிறது. கனமானது அடியில் படிகிறது, எண்ணெய்ப்பசை மேலே மிதக்கிறது, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்க வைக்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகிறது. பார்க்கத் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் கிருமியும் இருக்கும், நைட்ரஜனும் இருக்கும். அதனால்தான் அது ஓர் உறிஞ்சுகுழிக்குள் இறங்கி மண்ணில் வடிய வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கசடை லாரி வைத்து எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் உறிஞ்சுகுழியும் கிடையாது, நிரம்பி வழிந்தால் தவிர லாரியும் வராது. பல வீடுகளில் டேங்க் என்று சொல்வதே அடியில் பூச்சில்லாத குழிதான். "எங்க டேங்க் இருவது வருஷமா நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நிறையவில்லை என்றால் அது எங்கேயோ போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எங்கே போயிருக்கும்? நம் ஊர் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். பக்கத்தில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அதில் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால், முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பூக்கும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி அது இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

இனி ஊருணிக்கு வருவோம். செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள் தண்ணீர் விஷயத்தில் கில்லாடிகள். ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும், அங்கே வைத்த அண்டாவில் நிறையும், மிஞ்சியது கல்தூம்பு வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போகும், தெரு முழுக்க ஊருணியைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஊர் உண்ணும் நீர் அது, குடிக்கிற தண்ணீர். ஒரு துளி வீணாகாமல் மழை ஊருணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்ட அதே பாதையில்தான் இன்றைக்கு அடுப்படித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் செப்டிக் டேங்க் வழிசலும் ஒரு துளி வீணாகாமல் போய்ச் சேர்கிறது. முன்னோர் அவ்வளவு கச்சிதமாகச் சரிவு வைத்ததே இப்போது வினையாகிவிட்டது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் திட்டம் போடுகிறார்கள். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். ஐந்து பேர் வீட்டுக்கு 540 லிட்டர். ஆயிரம் வீட்டுக்கு 5,40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் நாற்பத்தைந்து லோடு. தினமும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடந்த காலத்தில் ஆள் ஒருவருக்கு இவ்வளவு தண்ணீர் செலவானதே இல்லை. குழாயில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, வெளியே போகிற வழி மட்டும் பழைய வழியாகவே இருக்கிறது.

சரி, பாதாளச் சாக்கடை என்பது என்ன? தெருவுக்கு அடியில் ஒரு பெரிய குழாய், வழி நெடுக ஆட்குழிகள், பள்ளமான இடத்தில் கழிவுநீரை மேலேற்றிவிடும் பம்பிங் ஸ்டேஷன், ஊருக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையம். பம்பிங் ஸ்டேஷன் இருக்கும் இடம் தவிர, குழாய் முழுக்கச் சரிவை நம்பி ஓடுவது, மோட்டார் இழுப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதும் மந்திரமில்லை: காற்றைச் செலுத்தி பாக்டீரியாக்களை வளர்த்து, அவற்றைக் கழிவைத் தின்ன வைத்து, படிய வைத்து, தெளிந்ததை வெளியே விடுகிறார்கள். இதெல்லாம் பெரிய காசு. அரசாங்கம் போடும், உலக வங்கி கடன் கொடுக்கும், அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதைப் பற்றியே இல்லை. தெருக்குழாய்க்கும் உங்கள் வீட்டுக் கழிவறைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் வேண்டும். வாசலில் ஓர் ஆய்வுத்தொட்டி, அங்கிருந்து தெருவுக்குப் பத்தடி, அதற்குள்ளே வீட்டுப் பக்கம் எவ்வளவு தூரமோ அவ்வளவு. இந்தக் குழாய்க்கு அடிக்கல் நாட்ட யாரும் வருவதில்லை. திட்டம் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஏன் என்று கேட்டால், நம் ஊர் வீட்டை வைத்தே சொல்கிறேன். முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். நடுவில் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். கழிவறை கொல்லையில். தெருக்குழாய் முன்வாசலில் மட்டும் வந்தது என்று வையுங்கள். 120 அடி நீள வீட்டில் நாலங்குலக் குழாயை அறுபது அடிக்கு ஓர் அடி சரிவில் போட்டால் வாசலுக்கு வரும்போது இரண்டு அடி கூடுதல் ஆழம் வேண்டும். பக்கவாட்டில் சந்து இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் வளவுக்குள்ளே தோண்ட வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கச் சொன்னால் எந்த ஆச்சி ஒத்துக்கொள்வார்?

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முற்றத்துத் தூம்பில் மழைநீரும் போகிறது, பாத்திரம் கழுவிய நீரும் போகிறது. இணைப்புக் கொடுக்கிற அவசரத்தில் அந்தத் தூம்பையே சாக்கடையில் சேர்த்துவிட்டால் இரண்டு கேடு. மழை நாளில் ஊர் மழையெல்லாம் சாக்கடைக் குழாயில் புகுந்து ஆட்குழி வழியாகப் பொங்கும். அப்புறம் ஊருணிக்குக் கழிவோடு மழையும் நின்றுபோகும். இரண்டையும் வீட்டுக்குள்ளேயே பிரிக்க வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனாரும் பிளம்பரும் வேண்டும், செலவு அங்கே ஏறுகிறது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது வீட்டுக்கு வீடு மாறும்; ஒரு பேச்சுக்கு இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இருபதாயிரத்தை நான் ஏன் போட வேண்டும்? என் கழிவறை இப்போதும் வேலை செய்கிறது. தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. இணைப்பு வாங்கினால் எனக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, மாதக் கட்டணம் வேறு. பலன் எல்லாம் பள்ளத்துத் தெருவில் கிணறு வைத்திருப்பவருக்கும் ஊருணிக் கரையில் குடியிருப்பவருக்கும். செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்று ஆகும்போது யாரும் தாமாக முன்வருவதில்லை, அதற்கு அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் முடியாது. தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் இதுதான் பெரிய வித்தியாசம். தண்ணீர் இணைப்புக்கு முண்டியடித்துக்கொண்டு வருவார்கள், சாக்கடை இணைப்புக்கு வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும்.

சரி, சேராதவர் சேராமலே இருக்கட்டும், சேர்ந்தவருக்காவது நல்லதுதானே என்றால், அதுவும் இல்லை. சாக்கடைக் குழாயில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது, நாளுக்கு ஒருமுறையாவது ஓடினால்தான் அடியில் படிந்ததை அதுவே தள்ளிக்கொண்டு போகும். பத்து வீட்டுக்கு என்று போட்ட குழாயில் மூன்று வீடு மட்டும் சேர்ந்தால் நீர் தேங்கி, கசடு படிந்து, அடைத்துக்கொள்ளும். அடைத்தால் யார் இறங்குவது? பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013 ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதன் பிறகும் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 இல் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே கதை. தின்ன எதுவும் வராவிட்டால் பாக்டீரியா சாகும், மோட்டார் மட்டும் ஓடும். கோடிக்கணக்கில் கட்டியது, மாதக் கட்டணம் வராததால் கரண்ட் பில் கட்டவும் வழியில்லாமல் நிற்கும். கடைசிப் பத்தடிக்குக் காசில்லை என்பதால் அதற்கு முன் போட்ட அத்தனை காசும் மண்ணுக்குள் கிடக்கும்.

பெரியண்ணனுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரிந்த பதில். எங்கள் நகரத்தார் சமூகத்தில் கல்யாணமான ஒரு ஜோடி என்றால் ஒரு புள்ளி. கோயில் செலவுக்குப் புள்ளி வரி. பினாங்கில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான், கட்டித்தான் ஆக வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு வராதவரும் கட்டுகிறார், கோயிலைத் தினமும் கும்பிடுகிறவரும் அதே தொகைதான் கட்டுகிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கோயில் எல்லாருடையது. ஊருணி அதைவிடவும் எல்லாருடையது, சாதி பார்க்காமல் பார்த்தால். (அந்தக் காலத்தில் எந்த ஊருணியில் யார் இறங்கலாம் என்று ஒரு கணக்கு இருந்தது, அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச எனக்கு இஷ்டமில்லை.) ஊருணிக்குப் போகிற கழிவை நிறுத்துகிற குழாய் என் வாசலில் கிடந்தாலும் அது செய்கிற வேலை ஊர் வேலைதானே? அப்படியானால் செலவிலும் ஊருக்குப் பங்கு உண்டு.

அரசாங்கம் தனியார் வீட்டுக்குள் காசு போடுவதும் புதிதில்லை. 2014 இல் தூய்மை இந்தியா திட்டம் வந்தபோது கிராமத்து வீடுகளுக்குக் கழிவறை கட்ட 12,000 ரூபாய் கொடுத்தார்கள். கழிவறை என் வீட்டுக்குள்தான் இருந்தது, ஆனால் திறந்தவெளியில் போகாமல் இருந்தால் ஊருக்கு நல்லது என்று கொடுத்தார்கள். கழிவறைக்குக் கொடுத்தவர்கள் அதிலிருந்து வெளியே வருவதற்கும் கொடுக்கலாம்.

காசு எந்த வழியில் வருகிறது என்று பார்த்தால் மூன்று நான்கு மாதிரி இருக்கிறது. ஒன்று நேரடி மானியம். 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறைவான ஊருக்குத் திட்டச் செலவில் பாதியும், ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை உள்ள நகரத்துக்கு மூன்றில் ஒரு பங்கும், அதற்கு மேல் போனால் கால் பங்கும் ஒன்றிய அரசு தருவதாக ஏற்பாடு. மீதி மாநிலமும் உள்ளாட்சியும். 2011 கணக்குப்படி காரைக்குடி ஒரு லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது, நம் மற்ற ஊர்கள் எல்லாம் அதற்குக் கீழே. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, இலக்கை இணைப்புக் கணக்கில் வைத்ததுதான்: 500 நகரங்களில் 2.64 கோடி வீடுகளுக்குச் சாக்கடை அல்லது கசடு மேலாண்மை வசதி. எத்தனை கிலோமீட்டர் குழாய் புதைத்தாய் என்று கேட்டால் புதைத்துக் காட்டுவார்கள். எத்தனை வீடு சேர்ந்தது என்று கேட்டால்தான் கதவைத் தட்டுவார்கள்.

இன்னொரு மாதிரி, மக்களே முன்பணம் கட்டுவது. சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர், அப்போது தனி நகராட்சி. 1990களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று முன்கூட்டியே வாங்கினார்கள், குழாய் போடுவதற்கு முன்னால். அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதி தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக் கேட்டார், மக்கள் கட்டினார்கள், மீதிக்குக் கடனும் மானியமும் வாங்கினார்கள். இந்தியா முழுக்க இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். முன்பணம் கட்டியவர் இணைப்பு வாங்காமல் விடமாட்டார் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லா ஊரும் ஆலந்தூர் ஆகிவிடாது, 5,000 ரூபாய் புரட்ட முடியாத வீடுகள் எந்த ஊரிலும் இருக்கும். அதற்காகத்தான் தவணை. சென்னைக் குடிநீர் வாரியம் 'இல்லந்தோறும் இணைப்பு' என்று ஒரு திட்டத்தில் இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்ட விட்டது.

மூன்றாவது, சுழல் நிதி. வட்டிக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. அமெரிக்காவில் 1972 ஆம் வருஷத்துத் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு முக்கால் பங்கு வரை மானியமாகவே கொடுத்தது. 1987 இல் அதைக் கடனாக மாற்றினார்கள்: மாநிலத்துக்கு ஒரு முதல், குறைந்த வட்டிக்கு ஊர்களுக்குக் கொடுப்பது, திரும்பி வந்ததை அடுத்த ஊருக்குக் கொடுப்பது. அதே அமெரிக்காவில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் சஃபோக் என்று ஒரு மாவட்டம். பணக்கார இடம், ஆனால் பெரும்பாலான வீடுகளில் சாக்கடை இணைப்பு இல்லை, நம்மைப் போலவே குழியும் செப்டிக் டேங்கும்தான். அதிலிருந்து இறங்கிய நைட்ரஜன் நிலத்தடி நீர் வழியாகக் கடலுக்குப் போய், பாசி பெருகி, சிப்பி மீன்பிடிப்பே படுத்துவிட்டது. 2024 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து, விற்பனை வரியை 0.125 சதவீதம் கூட்டிக்கொள்ள மக்களே ஒப்புக்கொண்டார்கள், சாக்கடை இணைப்புக்கும் நல்ல செப்டிக் அமைப்புக்கும் அந்தக் காசு போகும் என்று. அதுவும் ஒரு வகைப் புள்ளி வரிதான்.

எல்லாருக்கும் முழு இலவசம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிய பங்களாவுக்கும் ஒற்றை அறை ஓட்டு வீட்டுக்கும் ஒரே மானியம் என்றால் அது அநியாயம். வாசல் வரை உள்ள பத்தடியை எல்லாருக்கும் திட்டத்திலேயே சேர்த்துப் போட்டுவிட வேண்டும், தெருவைத் தோண்டியிருக்கும்போதே. இரண்டாம் முறை தோண்டினால் செலவு இரட்டிப்பு, ரோடும் போச்சு. வீட்டுக்குள்ளே உள்ள செலவுக்கு இல்லாதவருக்கு மானியம், இருப்பவருக்குத் தவணை, ஒரு கெடுவுக்குப் பிறகும் சேராதவருக்கு அபராதம். இந்த வரிசை முக்கியம். காசு கொடுக்காமல் நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் ஒன்றும் நடக்காது.

அதோடு எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை வேண்டும் என்பதும் இல்லை. நானூறு வீடு, அதில் பாதி பூட்டு என்று இருக்கிற கிராமத்தில் குழாய் போட்டால் மேலே சொன்ன 0.6 மீட்டர் வேகம் ஒருநாளும் வராது. அங்கே செப்டிக் டேங்கை ஒழுங்காகக் கட்டி, உறிஞ்சுகுழி வைத்து, முறை வைத்து லாரியில் எடுத்து, கசடுக்கென்றே உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுவதுதான் சரி. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் அப்படி ஒன்று நடக்கிறது. பொதுக்காசு குழாய்க்குப் போகிறதா லாரிக்குப் போகிறதா என்பது ஊரைப் பொறுத்தது.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல், அதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை. வீடு யார் பெயரில்? எங்கள் ஐயா வீட்டுக்கு ஏழு புள்ளி பங்கு. இணைப்புக்கு விண்ணப்பம் போட எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமா, ஒருவர் போட்டால் போதுமா, மானியம் வந்தால் யார் கணக்குக்கு, மாதக் கட்டணம் யார் தலையில்? வீட்டில் குடியிருப்பவர் ஒரு சமையல்கார அம்மாளும் காவலுக்கு ஒருவரும்தான்.

இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது உறிஞ்சுகுழி, புதுத் தொட்டி, முற்றத்துத் தூம்பிலிருந்து அடுப்படித் தண்ணீரைப் பிரிக்கிற வேலை. பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். நான்கு புள்ளி சம்மதம். ஒருவர் "அடுத்த படைப்புக்குள்ள முடிச்சிரணும்" என்று கட்டைவிரல் போட்டிருக்கிறார், காசைப் பற்றிப் பேசவில்லை. பினாங்கு அண்ணன் இன்னும் பார்க்கவே இல்லை. பெரியண்ணன் மட்டும் தனியாகப் போன் போட்டு, "ஊருணிப் பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயும் பங்கு கேக்கலாமாடா?" என்றார்.